இஞ்சின் கொட்டகையும் வெயில் தோட்டமும்

செகிஞ்சானிலிருந்து தெற்கே புறப்பட்டு, தஞ்சோங் காராங்கையும் கோலசிலாங்கூரையும் தாண்டி, புக்கிட் ரோத்தானிலிருந்து கிழக்கே திரும்பி ஈஜோக் வழியாகப் போனால் ரவாங் பட்டணத்தை அடையலாம். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நம்மவர்கள் எத்தனையோ முறை போய்வந்த வழிதான். மலாயாவில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்ட ஊர் அந்த ரவாங் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆண்டு 1894. ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்திவந்த இருவர், சுரங்கத்தில் ஊறிய நீரை வெளியேற்ற மின்சாரப் பம்பு வைத்தார்கள். ஒருவர் லோக் யூ என்னும் சீனச் செல்வர். மற்றவர் தம்புசாமிப் பிள்ளை. பத்துமலையில் வேல் நட்டவர், கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை எழுப்பியவர் என்றே தம்புசாமிப் பிள்ளையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இந்த நாட்டுக்கு மின்சாரம் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏனோ மறந்துவிடுகிறோம். சுரங்கத்துக்கு வந்த மின்சாரம் ரவாங் தெருவுக்கும் வந்தது. அன்று எண்ணெய் விளக்கை நம்பியிருந்த ஊர்கள் நாடு முழுதும் இருந்தன.

ரவாங்கிற்குப் பக்கத்திலுள்ள பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டினார்கள். அந்தக் கரி ரயிலை ஓட்டியது; பங்சார் மின் நிலையத்தின் கொதிகலன்களிலும் எரிந்தது. பிறகு 1980-களில் கடலோரமாகக் காப்பாரில் பெரிய மின் நிலையம் எழுந்தது. ஆக, வட சிலாங்கூர் வட்டாரத்தில் மின்சாரத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் அந்த வரலாறு தோட்டத்து லயங்களின் வாசலுக்கு வந்து சேர மிகவும் தாமதமாயிற்று.

நம் பாட்டிமார் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் சமைத்தவர்கள். பிற்காலத்தில் பல தோட்டங்கள் சொந்தமாக டீசல் இஞ்சின் வைத்துக்கொண்டன. மாலை ஆறு ஆறரைக்கு இஞ்சின் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணி வாக்கில் நின்றுவிடும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அதற்குமேல் மெழுகுவர்த்தியைத்தான் தேட வேண்டும். தேசிய மின்சார வாரியம் 1990-இல் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. அந்த ஆண்டுகளிலும் இப்படி மணி பார்த்து வெளிச்சம் வாங்கிய தோட்டங்கள் இருந்தன. இதைக் கேட்கும் பெரியவர்கள் பலருக்கு அந்த இஞ்சினின் ஓசை இன்னும் காதில் இருக்கும்.

அந்த இஞ்சினைக் காத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்து இஞ்சின்காரருக்குப் பெரிய கருவிகள் எதுவுமில்லை. காதுதான் கருவி. ஓட்டத்தில் தாளம் தப்பினால் டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது என்பார். கரும்புகை கக்கினால் ஒரு காரணம், வெண்புகை விட்டால் வேறொரு காரணம். அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்துச் சூடு சொல்வார். மின்சாரத்தை உண்டாக்குவது ஒரு வேலை. உண்டாக்கும் பொறிக்கு நோய் முற்றுமுன் அறிந்துகொள்வது வேறொரு வேலை. இன்று நாம் பேசப்போவது இந்த இரண்டாவது வேலையின் கதையை. ஏனெனில் அந்த வேலைதான் இப்போது காதிலிருந்து கணினிக்குக் கைமாறிக்கொண்டிருக்கிறது. அப்படிக் கைமாறும்போது யாருக்கு வேலை போகிறது, யாருக்கு வேலை வருகிறது என்பது நம் குடும்பங்களைத் தொடும் கேள்வி.

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகைகளை இப்போது வீட்டுக் கூரைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் காண்கிறோம். ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1839-இலேயே எட்மண்ட் பெக்கரல் என்னும் பிரெஞ்சு இளைஞர் கண்டறிந்தார். ஆனால் உருப்படியான சிலிக்கன் மின்கலம் 1954-இல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர் செய்தது அது. நூறு பங்கு வெயிலில் ஆறு பங்கை அது மின்சாரமாக்கியது. இன்று கடையில் விற்கும் நல்ல பலகைகள் இருபது பங்குக்கு மேல் ஆக்குகின்றன.

இந்தப் பலகையில் ஓடும் சக்கரம் இல்லை. எரியும் எண்ணெய் இல்லை. ஆகவே பராமரிப்பே வேண்டாம் என்று பலரும் தொடக்கத்தில் நம்பினார்கள். அந்த நம்பிக்கை கலிபோர்னியாவில் உடைந்தது. அங்கே ஹெஸ்பீரியா என்னுமிடத்தில் 1982-இல் ஒரு மெகாவாட் நிலையம் அமைந்தது. அதை அடுத்து, அதே நிறுவனம் கரிசா சமவெளியில் ஐந்து மெகாவாட்டுக்குச் சற்று அதிகமான நிலையத்தை எழுப்பியது. கூடுதல் வெயில் கிடைக்கட்டும் என்று பலகைகளுக்குப் பக்கத்தில் கண்ணாடிகளை நிறுத்தினார்கள். வெயில் கூடியது, சூடும் கூடியது. கண்ணாடிக்கும் மின்கலத்துக்கும் நடுவிலிருந்த பிளாஸ்டிக் படலம் நாளடைவில் பழுப்பேறியது. மின்சாரம் குறைந்துகொண்டே போய், 1990-களில் அந்த நிலையத்தைப் பிரித்தே விட்டார்கள். டீசல் இஞ்சினுக்கு நோய் வந்தால் இருமும், புகையும், உதறும். சூரியப் பலகை ஒரு சத்தமும் போடாது. வெளியே பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். வருமானம் மட்டும் வடிந்துகொண்டிருக்கும்.

இனி, நம் பெரியவர்கள் விட்டுவந்த ஊர்ப்பக்கம் ஒருமுறை போய்வருவோம். இந்த நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டத்தாரோடு இராமநாதபுரத்தாரும் உண்டு. 'தண்ணியில்லாக் காடு' என்று ஊரார் பேர் சொன்ன சீமை அது. மழை பொய்த்தால் கண்மாய் வறளும், கண்மாய் வறண்டால் கப்பல் ஏறுவதைத் தவிர வழியில்லை என்று வந்தவர்கள் நம்மவர்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலின் பேரைச் சொன்னாலே கண் கலங்கும் கிழவர்கள் நம் லயங்களில் இருந்தார்கள். எந்த வெயில் அவர்களை விரட்டியதோ, அந்த வெயிலை விற்கும் தொழில் அதே மாவட்டத்தில் பின்னர் தொடங்கியது. விந்தைதான்.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டாரத்தில், செங்கப்படை கிராமத்தை ஒட்டி அதானி நிறுவனம் அமைத்த சூரிய மின் நிலையம் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதன் அளவு 648 மெகாவாட். பரப்பு ஏறக்குறைய 2,500 ஏக்கர். நம் கணக்கில் ஒரு நல்ல பெரிய தோட்டம். அதில் 25 இலட்சம் பலகைகள். ஒரே இடத்தில் அமைந்த சூரிய நிலையங்களுள் உலகிலேயே பெரியது அதுதான் என்று அப்போது சொன்னார்கள். கமுதி நிலையத்தை எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். கட்டும் வேலையில் 8,500 பேர் ஈடுபட்டார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் வெட்டுவது பால்வெட்டுக்காரருக்குப் பழக்கமான கணக்கு. அதேபோல் ஒருவர் நாளொன்றுக்கு ஐந்நூறு பலகைகளைச் சோதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கமுதியின் 25 இலட்சத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து முடிக்க அவருக்கு 5,000 நாள் ஆகும். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் பதின்மூன்று ஆண்டுக்குமேல். அவர் கடைசி வரிசையை எட்டுமுன் முதல் வரிசையில் எத்தனை பலகை கெட்டுப்போயிருக்குமோ! நூறு பேரை வைத்தாலும் ஐம்பது நாள் வேண்டும்.

பலகைக்கு என்னென்ன நோய் வரும்? முதலில் தூசி. இராமநாதபுரம் போன்ற வறண்ட நாட்டில் பெரிய தொல்லை இதுதான். பறவையின் எச்சம் சிறியதுதான் என்றாலும், அது மூடிய மின்கலம் மின்சாரம் தருவதை விட்டு, மற்ற மின்கலங்கள் தரும் மின்சாரத்தையே வாங்கிச் சூடாகத் தொடங்கும். அதைத் தடுக்கப் பலகையின் பின்னால் டையோடு என்னும் சிறு பொருளை வைத்திருப்பார்கள். அதுவும் ஒருநாள் எரிந்துபோகலாம். ஏற்றி இறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம். இணைப்புகளில் ஈரம் புகலாம். பலகைகளைப் பூச்சரம்போல் வரிசை வரிசையாகக் கோத்திருப்பதால், ஒன்று நலிந்தால் அந்தச் சரமே நலிகிறது.

கமுதியில் தூசிக்கு ஒரு வழி செய்தார்கள். பலகைகளை நாள்தோறும் துடைக்கத் தானியங்கிப் பொறிகளை வைத்தார்கள். அந்தப் பொறிகளும் வெயிலிலிருந்தே மின்னூட்டம் பெற்றுக்கொள்பவை. இதை வேடிக்கை பார்த்த பலர் செயற்கை நுண்ணறிவு என்றால் இதுதான் என்று எண்ணினார்கள். அப்படியல்ல. துடைப்பது கைவேலை, கைவேலை செய்யும் பொறியை நாம் ஆலைகளில் எத்தனையோ பார்த்திருக்கிறோம். எந்தப் பலகை நலிந்தது, அதைத் துடைத்தால் போதுமா, மாற்ற வேண்டுமா என்று தீர்மானிப்பது மூளை வேலை. அந்த மூளை வேலையில் கணினி கைவைத்ததுதான் புதிய செய்தி.

அதற்குத் தூண்டுகோலாக இருந்தது விலை. கமுதி நிலையத்தின் மின்சாரத்தை யூனிட் ஒன்றுக்கு 7 ரூபாய் 1 காசு விலையில் வாங்க 2015-இல் தமிழ்நாட்டு மின்வாரியம் ஒப்பந்தம் செய்தது. அந்த விலை அதிகம் என்று அன்றே பேச்சு எழுந்தது. இரண்டே ஆண்டில், 2017 மே மாதம், இராஜஸ்தான் மாநிலத்துப் பட்லா சூரியப் பூங்காவுக்கான ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கிவிட்டது. ஏழு ரூபாய்க்கு விற்பவன் நூறில் நாலைந்து பங்கை இழந்தாலும் தாங்குவான். இரண்டரை ரூபாய்க்கும் கீழே விற்பவனுக்கு அதுவே இலாபம் முழுவதும். ரப்பர் விலை விழும்போதெல்லாம் துரைமார் ஒட்டுப்பாலைக்கூட விடாமல் பொறுக்கச் சொன்னதை நாம் அறிவோம். அதே சங்கதிதான் இங்கேயும்.

சரி, கணினி எப்படி நோய் பார்க்கிறது? செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் 1950-களிலேயே அமெரிக்க அறிஞர்கள் சூட்டியது. ஆனால் படத்தைப் பார்த்து இன்னது என்று சொல்லும் திறமை கணினிக்கு நன்றாகக் கைவந்தது 2012-ஐ ஒட்டித்தான். செகிஞ்சான் வயல்களின்மேல் மருந்து தெளித்துப் பறக்கும் டிரோனைப் பலரும் பார்த்திருப்போம். அதுபோன்ற டிரோனில், வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவைப் பொருத்திப் பலகைகளின்மேல் பறக்கவிடுகிறார்கள். நலமாக உள்ள பலகை படத்தில் ஒரே நிறமாகத் தெரியும். நோயுற்ற மின்கலம் சூடேறி, இருட்டில் கங்குபோல் தனித்துத் தெரியும். இப்படி ஆயிரமாயிரம் படங்களைக் காட்டி, இது எச்சம், இது கீறல், இது எரிந்த டையோடு என்று அனுபவசாலிகள் முதலில் பெயர் சொல்லித் தருகிறார்கள். அதன்பின் புதிய படத்தைக் காட்டினால் கணினி தானே பெயர் சொல்கிறது. பட்டை வறண்டு பால் நின்றுபோன மரத்தைப் புது ஆளுக்குக் கங்காணி காட்டிக் காட்டிப் பழக்கினாரே, அந்தப் பாடம்தான். ஒரே வேறுபாடு, இந்த மாணவனுக்கு அலுப்பே கிடையாது.

இரண்டாவது வழி கணக்குவழி. இவ்வளவு வெயில், இவ்வளவு சூடு இருந்தால் இந்தச் சரம் இவ்வளவு மின்சாரம் தரவேண்டும் என்று பழைய ஏடுகளைப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்கிறது. சூட்டை ஏன் சேர்க்க வேண்டும் என்றால், பலகைக்கு வெளிச்சம்தான் வேண்டும், வெப்பம் ஆகாது. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் மின்சாரம் நூறில் அரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். உச்சிவேளையில் பலகை அறுபது டிகிரிவரை சுடலாம். ஆகவே குறைந்த மின்சாரமெல்லாம் நோய் ஆகாது. வரவேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு, பக்கத்துச் சரங்களில் வந்தது இவ்வளவு என்று ஒத்துப் பார்த்து, உண்மையாகவே துண்டு விழும் இடத்தை மட்டும் கணினி சுட்டிக்காட்ட வேண்டும். நாளை மறுநாள் மழை என்றால் இன்று கழுவாதே என்று சொல்வதும் அதன் வேலை. தண்ணியில்லாக் காட்டில் இந்த ஒரு யோசனையே பெரிது.

இந்த வசதியால் காவல் வேலையும் இடம் மாறிவிட்டது. பல மாநிலங்களில் உள்ள தன் சூரிய, காற்றாலை நிலையங்களை அதானி நிறுவனம் குஜராத்தின் அகமதாபாத்திலுள்ள ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து கண்காணிக்கிறது. கமுதியின் காவல்காரர் பாதிக் கண்ணைக் கமுதியிலும் பாதிக் கண்ணை அகமதாபாத்திலும் வைத்திருக்கிறார் என்று சொல்லலாம்.

கணினி சொல்வதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வெயிலை அளக்கப் பண்ணையில் ஒரு சிறு கருவி இருக்கும். அதன் மேல்மூடி கண்ணாடி. அந்தக் கண்ணாடியிலும் தூசி படியுமல்லவா? படிந்தால் வெயில் குறைவு என்று கருவி சொல்லும். வெயில் குறைவு, அதனால்தான் மின்சாரமும் குறைவு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கணினி முடிவு கட்டிவிடும். பலகைகளோ அழுக்கேறிக் கிடக்கும்! பால் நிறுக்கும் தராசு தப்பாக இருந்தால் கிராணியின் புத்தகம் எத்தனை அழகாக இருந்து என்ன பயன்? அந்தக் கண்ணாடியைத் துடைக்க ஒரு மனிதர் நடந்து போகத்தான் வேண்டும். ஒரு மரத்தின் காலை நிழலை நோய் என்று கணினி நினைத்துக்கொள்வதும் உண்டு. அங்கே மரம் இருக்கிறது என்று சொல்ல இடம் அறிந்தவர் வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். பெரிய சூரியப் பண்ணைகளுக்கான ஏலத் திட்டம் மலேசியாவில் 2016-இல் தொடங்கியது. சிலாங்கூரில் கோலலங்காட் மாவட்டத்தில் தெனாகா நேஷனலின் 50 மெகாவாட் நிலையம் 2018-இல் இயங்கத் தொடங்கியது. கெடாவின் குருன், மலாக்காவின் ஜாசின், திரங்கானுவின் மெர்ச்சாங் ஆகிய மூன்று இடங்களில் சேர்ந்து 197 மெகாவாட் எழுந்தது. 2050-க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் நூற்றுக்கு எழுபது பங்கு வெயில், நீர் போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளில் அமைய வேண்டும் என்று 2023-இல் அரசாங்கம் இலக்கு வைத்தது. ஆகவே இன்னும் பண்ணைகள் வரும். அவற்றுக்கு நிலம் வேண்டும். தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிகத்துக்காக முதல் செம்பனையை நட்டபோது, அந்த மரம் நாட்டின் முகத்தையே மாற்றும் என்று பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் யார் நினைத்திருப்பார்கள்? நிலத்தில் நிற்கும் பயிர் மாறும்போது வேலையும் மாறுகிறது.

இங்கே நோயும் வேறு. கமுதியில் தூசி, நமக்கு மழையே பலகையைக் கழுவிவிடும். ஆனால் ஓயாத ஈரத்தால் சட்டத்தின் கீழ்விளிம்பில் பாசி பிடிக்கும். லாலாங் புல் இரண்டு மழையில் பலகை உயரம் வளர்ந்து நிழல் விழும். பிற்பகல் இடிமின்னல் கருவிகளைச் சுட்டுப் பொசுக்கும். மேகம் வந்து வந்து போவதால், மின்சாரம் குறைவது நோயாலா மேகத்தாலா என்று கணினியே திணறும். இராமநாதபுரத்து வெயிலில் பாடம் படித்த கணினிக்குச் சிலாங்கூர் வானத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் வேலை? மறைக்காமல் பேசுவோம். சூரியப் பண்ணையைக் கட்டும்போது ஆயிரக்கணக்கானோர் வேண்டும். ஓடத் தொடங்கியபின் மிகச் சிலரே போதும். அதிலும் துடைக்கும் வேலையைப் பொறியும், சுற்றிப் பார்க்கும் வேலையை டிரோனும் எடுத்துக்கொள்கின்றன. இத்தகைய மாற்றத்தை நாம் முன்பே கண்டவர்கள். கூட்டமாகப் புல் வெட்டப் போன பெண்களின் எண்ணிக்கை களைக்கொல்லி மருந்து வந்ததும் சுருங்கியது. மிஞ்சியவர்கள் மருந்து டின்னை முதுகில் சுமந்தார்கள். 1960-களில் புழக்கத்துக்கு வந்த பாராகுவாட் மருந்து 2020 ஜனவரியில்தான் இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது. புதுமுறை வந்தால் கூலிக் கணக்கை உடனே பார்க்கிறார்கள். அதைக் கையாளுபவரின் உடம்பைப் பார்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஆகவே, இயந்திரம் வந்துவிட்டது என்று கைதட்டுவதற்கு முன்னால் எந்த வேலை போகிறது, எந்த வேலை மிஞ்சுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மிஞ்சும் வேலை எது என்பது ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. நாற்பதாம் வரிசையில் ஏழாவது பலகை கெட்டிருக்கிறது என்று கணினி சொல்லிவிடும். போய்க் கழற்றி மாட்டக் கணினிக்குக் கையில்லை. அது சாதாரண வேலையும் அன்று. டீசல் இஞ்சினை நிறுத்தினால் மின்சாரம் நின்றுவிடும். சூரியப் பலகைக்கு அப்படி ஒரு விசை கிடையாது. வெயில் இருக்கும்வரை அது மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும். பெரிய பண்ணைகளில் ஒரு சரத்தின் அழுத்தம் ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் போகும். தப்பாகப் பிரித்தால் தீப்பொறி பறக்கும், உயிரும் போகலாம். இதனால்தான் மின்வேலைக்கு வயர்மேன், சார்ஜ்மேன் என்று எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது. சூரிய மின் அமைப்புகளுக்கென்று தனிப் பயிற்சிகளை, 2011-இல் தொடங்கிய சேடா என்னும் நீடித்த எரிசக்தி ஆணையம் நடத்துகிறது. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று திகைக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த இரண்டு பெயரையும் ஒரு தாளில் குறித்துவைத்துப் பள்ளி ஆசிரியரிடம் விசாரிக்கலாம்.

பலகை மாற்றும் வேலையை வெயில் ஏறுமுன் வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்பார்கள். நம் வீடுகளில் பால்வெட்டுக்குக் கிளம்பிய அதே விடியற்காலை நேரம்தான் அது.